கௌலத் பெயர் வெட்டிய பெட்டிகள்

வாளையார் எல்லைச் சோதனைச் சாவடியில், லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் என் பிரியாணிக் கடை இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட நாலு மேசை. மற்றதெல்லாம் பார்சல்தான். வண்டி நகர்வதற்குள் டிரைவர் குதித்து ஓடி வருவான், வாங்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறிக்கொள்வான். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் எங்கள் கடைக்குத்தான் ஆள் வரும். பலகையில் என்னவோ பெயர் எழுதியிருக்கிறது. எல்லோருக்கும் அது ராவுத்தர் கடை. அந்த ராவுத்தர் நான்தான், குஞ்சு முகம்மது.

போன வருஷம் பஞ்சாயத்திலிருந்து வந்து பிளாஸ்டிக் கவரும் டப்பாவும் இனிமேல் கூடாது என்றார்கள். காட்டுக்குள் யானைச் சாணத்தில் எங்கள் கடைக் கவர் கிடந்ததாம். யானைக்கு நான் பார்சல் கட்டிக் கொடுக்கவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டு போய் நோட்டீஸ் அனுப்பினார்கள். இன்னொரு தடவை பிடிபட்டால் லைசன்ஸ் போய்விடும். வாழையிலையில் கட்டினேன். லாரி கேபினில் எண்ணெய் ஒழுகி டிரைவர்கள் திட்டினார்கள். காகித டப்பாவில் போட்டேன். சூடு தாங்காமல் அடி கழன்றது.

அப்போதுதான் ஷம்னா ஒரு யோசனையோடு வந்தாள். ஷம்னா என் மகன் சஜ்ஜாத்தின் மனைவி. பாலக்காட்டுப் பக்கம் புதுநகரம் என்கிற ஊர்ப் பெண். பொருள்களுக்கு வடிவம் போடுவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறதாம். அதைப் படித்துவிட்டு கொச்சியில் வேலை பார்த்தவள், வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் பாலக்காடு டவுனில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவள் சொன்னது இதுதான். ஸ்டீல் பெட்டியில் பிரியாணி போட்டுக் கொடுப்பது. சாப்பிட்டவன் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கழுவி அடுத்தவனுக்குக் கொடுப்போம். எந்தப் பெட்டி யார் கையில் இருக்கிறது என்று போனில் ஒரு ஆப் சொல்லிவிடும்.

“எடுத்தவன் எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்?” என்றேன்.

“அவங்க பேர்ல போன்ல நிக்கும் மாமா. அது திரும்புற வரைக்கும் அடுத்த பெட்டி கிடையாது.”

“வேற கடையில வாங்கித் திம்பான்.”

“அதுக்குத்தான் டவுன் வரைக்கும் இருக்கற எல்லாக் கடையும் சேரணுங்கறேன்.”

எல்லாக் கடையும் சேர்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு கடை சேர்ந்தே பார்த்ததில்லை. அதை அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் பெட்டி செய்யப் போய்விட்டாள்.

முதலில் வட்டமாக ஒன்று கொண்டுவந்தாள். லாரி ஆட்டத்தில் உருளும் என்றேன். அடுத்தது சதுரம். மூடி இறுகிப் பூட்டியதில் ஆவி உள்ளேயே நின்று சோறு குழைந்துவிட்டது. மூடியில் சின்னத் துளை வைத்து ரப்பர் அடைப்பு போட்டாள். ரப்பரில் மசாலா வாசனை ஏறிக்கொண்டு கழுவினாலும் போக மாட்டேன் என்றது. கழற்றிக் கழுவுகிற மாதிரி மாற்றினாள். ஒவ்வொன்றிலும் சால்னாவை ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஆட்டோவில் வைத்துக் கஞ்சிக்கோடு வரைக்கும் போய்வந்தேன். கடைசியில் ஒன்று கசியவில்லை. நன்றாக இருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. கவிழ்த்துப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

சஜ்ஜாத்துக்கு ஷார்ஜாவில் ஒரு வேலை தயாராக இருந்தது. ஷம்னாவின் அண்ணன் பார்த்து வைத்தது. பெட்டி ஓடினால் இருக்கிறோம், ஓடாவிட்டால் இரண்டு பேரும் கிளம்புகிறோம் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னான். மறைக்காமல் சொன்னதால் கோபப்படவும் வழியில்லை. அடுப்படி இப்போது அவன் கையில்தான், அவன் போனால் கடையை மூட வேண்டியதுதான். அடுப்படியில் நிற்க எனக்கு முட்டி ஒத்துழைப்பதில்லை. கூலிக்கு ஆள் வைத்துக் கல்லாவை விட்டுப் போகிற மனுஷன் நான் இல்லை. வீட்டில் கௌலத்திடம் இதை நான் சொல்லவில்லை. கௌலத் என் மனைவி. கடை விஷயத்தை வீட்டில் பேசுகிற வழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

பெட்டிகள் மொத்தமாக வந்து இறங்கிய அன்று எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் கறுப்புப் புள்ளி புள்ளியாக ஒரு சதுரம். போனைக் காட்டினால் அது பேசுமாம். புள்ளியைப் பார்த்து எந்தத் திருடன் பயப்படுவான்? மூடியில் கடைப் பெயரைப் போடலாமா என்று ஷம்னா கேட்டாள். கடைப் பெயர் போட்டால் கடைச் சாமான் ஆகிவிடும், கடைக்காரனிடம் எடுத்தால் ஊரில் யாருக்கும் உறுத்தாது என்றேன். வீட்டுப் பாத்திரம் அப்படியில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குக் கொடுக்கிற குடத்திலிருந்து கரண்டி வரைக்கும் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள். வீட்டுப் பெண் பெயர் வெட்டிய பாத்திரத்தை அமுக்கிக்கொள்ள எவனுக்கும் கை கூசும். பாலக்காட்டில் பாத்திரக் கடைக்குக் கொண்டுபோய் எல்லா மூடியிலும் ‘கௌலத்’ என்று தமிழில் வெட்டி வாங்கி வந்தேன். ஷம்னாவுக்குப் பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. வெட்டியிருப்பது மாமியார் பெயராயிற்றே.

கடை வாசலில் பெட்டி போட ஒரு தொட்டி வைத்தார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்தேன் என்றா சொல்வது? உட்காருவேன், எழுந்து அடுப்படிக்குப் போவேன், திரும்பி வந்து தொட்டியைத் திறந்து பார்ப்பேன். லாரிக்காரர்களை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. இன்றைக்கு இங்கே நாளைக்குக் கொச்சி, யார் துரத்திக்கொண்டு போவது?

பெரியமுத்து என்று ஒரு டிரைவர். மலைமேல் பள்ளிவாசல் என்கிற தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன், இப்போது கோயம்புத்தூருக்கும் கொச்சிக்கும் டைல்ஸ் ஏற்றி ஓட்டுகிறான். முதல் பெட்டியை எடுத்துப் போனவன் அவன்தான். போனது போனதுதான் என்று நினைத்தேன். கொச்சியிலிருந்து திரும்புகிற வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பெட்டியோடு வந்தான்.

“இந்தாரும் பாய், உம்ம பெட்டி. கழுவிட்டேன். வேணும்னா மோந்து பாரும்.”

மோந்து பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தொட்டிக்குள் எறிந்தான். அவன் மட்டுமில்லை, லாரிக்காரர்கள் எல்லோரும் கொண்டுவந்தார்கள். ஒருவன் கொண்டுவராமல் வரிசையில் நின்றபோது மற்றவர்களே திட்டித் துரத்தினார்கள்.

வீடுகளுக்குப் போன பெட்டிதான் ஒன்றுகூட வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தேன். இன்னொரு வாரம் பார்த்தேன். எல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்கள், என் பள்ளிவாசலில் தொழுகிறவர்கள், என் மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்கள். அடுத்த பார்சலுக்கு வந்த இரண்டு பேரிடம் பழைய பெட்டி எங்கே என்று கேட்டேன். உங்கள் வீட்டில் கொடுத்தாயிற்றே என்றார்கள், கண்கூட இமைக்கவில்லை. என் வீட்டில் கொடுத்ததாக என்னிடமே சொல்கிறார்கள் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டு, பெட்டி வந்தால்தான் பிரியாணி என்று திருப்பி அனுப்பினேன். வீட்டுப் பார்சல் படுத்துவிட்டது. ஷம்னா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வராத பெட்டியெல்லாம் சிவப்பாக நிற்கும். திரை முழுக்கச் சிவப்பு.

அந்த நேரத்தில்தான் ஓட்டல்காரர்கள் சங்கத்திலிருந்து பிரதீப் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். டவுனில் பெரிய கடை வைத்திருப்பவர். அவர் சரி என்றால் மற்றவர்களும் சேருவார்கள். இல்லை என்றால் இதோடு முடிந்தது. சஜ்ஜாத் சட்டைப் பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னால் கடையில் நிற்க முடியவில்லை. என் போனிலும் அந்த ஆப்பை சஜ்ஜாத் போட்டுக் கொடுத்திருந்தான். பெட்டிக்கு அடியில் காட்டினால் யார் வாங்கியது என்று பெயர் வரும். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போகும்போது என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அன்றைக்கே சொன்னேன் பார், எல்லாம் திருட்டுப் பயல்கள் என்று ஷம்னாவிடம் சொல்லலாம் என்று ஒரு பக்கம் இருந்தது. அப்படிச் சொல்கிற நிலைமை வந்தால் அவர்கள் கிளம்பிவிடுவார்களே என்று இன்னொரு பக்கம். முட்டி வலியைக்கூட மறந்து வேகமாக நடந்தேன்.

முதலில் சிவசங்கரி டீச்சர் வீடு. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவர். பெட்டியைக் கேட்டதும் கொடுத்துவிட்டேனே என்றார். எங்கே என்றால், உங்கள் வீட்டில். படித்தவர்கூட இப்படிப் பேசுகிறாரே என்று பேசாமல் திரும்பிவிட்டேன். டீச்சரிடம் வாதாட நமக்கு வராது.

அடுத்த தெருவில் நாச்சம்மாள் வீடு. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு புளியந்தோப்புதான். நானும் கௌலத்தும் கல்யாணமாகி இங்கே வந்த வருஷத்திலேயே அவளும் வாழ வந்தவள். கௌலத்துக்கு அவள்தான் எல்லாம். அவள் எங்கள் கடையில் ஒரு நாளும் எதுவும் வாங்கியதில்லை, கறி தொடாதவள். ஆனால் அவள் சமையற்கட்டு ஜன்னலில் என் பெட்டி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. கம்பிக்குள் கையை விட்டு எடுத்துக் கவிழ்த்துப் போனைக் காட்டினேன். சிவசங்கரி என்று வந்தது.

டீச்சர் வாங்கிய பெட்டி நாச்சம்மாள் ஜன்னலில். எனக்கு வேறென்ன தோன்றும்?

அடுப்பில் கடலை வறுத்துக்கொண்டிருந்த நாச்சம்மாள் சத்தம் கேட்டுக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “வாங்க ராவுத்தரே. ஏனுங்க ஜன்னல் வழியா வர்றீங்க?”

“இந்தப் பெட்டி எப்படி இங்க வந்துச்சு?”

“கௌலத்தக்கா பெட்டிங்க. பேரு இருக்குதல்ல.”

“பேரு இருக்கறது எனக்குத் தெரியாதா? வெட்டுனதே நான்தான். பெட்டியக் குடு.”

“இருங்க. கல்லக்கா வறுத்துட்டு இருக்கறேன். ஆறட்டும், போட்டுத் தாரேன்.”

“கல்லக்காயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வெறும் பெட்டியக் குடு, போதும். ஊரே ஆளுக்கொண்ணு எடுத்து அடுக்கிக்கிட்டா நான் எதுல சோறு போடுவேன்?”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். என் கையிலிருந்த பெட்டியை வாங்கி, முந்தானையால் உள்ளே ஒரு தடவை துடைத்து, மூடி திரும்ப என் கையில் வைத்தாள்.

“இந்தாங்க, வெறும் பெட்டி. எடுத்து அடுக்கிக்கறதுக்கு எங்க ஊட்டுல பரணு பத்தாதுங்க. இனிமே உங்க ஊட்டுப் பாத்திரம் எங்க படி ஏற வேண்டாம். அக்காகிட்டயும் சொல்லிப் போடுங்க.”

கதவைச் சாத்திக்கொண்டாள். பகலில் அந்த வீட்டுக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. இருந்தாலும் ஒன்றைப் பிடித்துவிட்டோம் என்ற வேகத்தில் தோப்பு வழியாக நேரே வீட்டுக்குப் போனேன். கௌலத் பின்வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பெட்டியை அவள் முன்னால் வைத்தேன். உன் நாச்சம்மாள் வீட்டில் பிடித்தது என்றேன்.

கௌலத் கையைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் உள்ளே பார்த்தாள்.

“நாச்சம்மா வெறும் பெட்டியாவா குடுத்தா?”

“ஆமா.”

“என்ன சொன்னீங்க அவள?”

சொன்னதைச் சொன்னேன். என் வாயில் திரும்பக் கேட்கும்போது அங்கே கேட்டதைவிட மோசமாக இருந்தது. கௌலத் எழுந்தாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துச் சாமான் அறையைத் திறந்தாள். அந்த அறைக்குள் நான் எத்தனை வருஷமாகப் போகவில்லையோ தெரியாது. அரிசி மூட்டைக்கு மேலே, கழுவித் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக, மூடியில் ‘கௌலத்’ தெரிகிற மாதிரி திருப்பி வைத்து, என் பெட்டிகள் சுவர் நீளத்துக்கு அடுக்கியிருந்தன.

ஊரில் நான் தேடிய திருடி என் வீட்டில் சாவியோடு நின்றாள்.

“இதெல்லாம் எப்படி இங்க?” என்றேன்.

“எப்படின்னா? என் பேரு வெட்டுன பாத்திரம். கொண்டாந்து என் கையிலதான குடுப்பாங்க. கடைவாசல்ல ஒரு தொட்டி வெச்சிருக்கீங்களாமே, அதுல போய் எந்தப் பொம்பள பாத்திரத்த வீசுவா, அதும் வெறும் பாத்திரத்த?”

அப்புறம் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். பிரியாணி சாப்பிட்டு முடித்த வீட்டில் பெட்டியைக் கழுவுகிறபோது பெயர் கண்ணில் படும். கௌலத்தம்மா பாத்திரம். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே அனுப்புவது எங்கள் பக்கத்தில் கிடையாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். கொடுக்க ஒன்றும் கையில் இல்லாத வீட்டில் பெட்டி காத்துக் கிடந்தது. அவரை காய்க்கட்டும், தயிர் உறையட்டும், மகள் ஊரிலிருந்து பலகாரம் கொண்டுவரட்டும் என்று. தயாரானதும் பின்வாசல் வழியாக இவளிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். டீச்சர் வெல்லம் போட்டுக் கொடுத்தாராம். இவள் சும்மா இருப்பாளா? தேங்காய்ச் சோறு செய்து அதே பெட்டியில் நாச்சம்மாளுக்கு அனுப்பினாள். அப்படி இன்னும் நாலைந்து வீட்டுக்கும் போய், ஏதாவது நிறைந்து திரும்பி வந்தன. பெட்டிகள் என் கடையைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தன.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“கடை விசயம் ஊட்டுல பேசாதேன்னு வந்த மறுநாளே சொன்னவரு நீங்கதான். நான் ஊட்டுப் பாத்திரத்தப் பத்தி உங்ககிட்ட என்ன பேசறது?” ஒரு மூடியை எடுத்து விரலால் எழுத்தைத் தடவினாள். “இந்த ஊட்டுல ஒரு கரண்டியிலகூட என் பேரு கெடையாது. எல்லாத்துலயும் உங்க அம்மா பேரு. இத்தன காலங்கழிச்சு இவருக்குத் தோணியிருக்குதேன்னு நெனச்சேன். எதுக்குத்தான் வெட்டுனீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது அவசரத்துக்கு வராது. திருட்டுக்குப் பயந்துதான் என்றேன். பொம்பளை பெயர் இருந்தால் எவனும் எடுக்க மாட்டான் என்று.

அவள் மூடியை இருந்த இடத்தில் வைத்தாள். அறையைப் பூட்டினாள். சாவி மறுபடியும் இடுப்புக்குப் போய்விட்டது.

“பெட்டி வேணும்,” என்றேன். “நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. பெட்டி திரும்பலேன்னா இது ஓடாது. ஓடலேன்னா சஜ்ஜாத்தும் ஷம்னாவும் ஷார்ஜா போயிருவாங்க.”

“அதையும் சொல்லலியா எங்கிட்ட?” என்று மட்டும் கேட்டாள். பிறகு கீரையோடு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. நானும் சாவி கேட்கவில்லை. கடைக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் கடைக்குப் போனேன். சஜ்ஜாத் என்ன அத்தா, கால் தரையில் நிற்கவில்லை என்றான். ஒன்றும் இல்லை என்றேன். பெட்டிகள் என் வீட்டில் இருக்கின்றன, உன் அம்மா தர மாட்டேன் என்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

திங்கட்கிழமை வெயில் ஏறியதும் பிரதீப் வந்தார். கூட இரண்டு கடைக்காரர்கள். ஷம்னா பெட்டியைக் காட்டினாள், கவிழ்த்துக் காட்டினாள், ரப்பரைக் கழற்றிக் காட்டினாள். போனில் லாரிக் கணக்கைக் காட்டினாள், எல்லாம் பச்சையாக இருந்தது. பெரியமுத்து அந்த நேரம் பார்த்து வந்து பெட்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு, “நல்ல பெட்டி சார், கேபின்ல ஒரு சொட்டு சிந்தாது” என்று கேட்காமலே சொல்லிவிட்டுப் போனான். ஷம்னா நிமிர்ந்து நின்றாள். அப்போது பிரதீப் வீட்டுக் கணக்கைக் கேட்டார். மறைக்காமல் காட்டினாள். சிவப்பு.

பிரதீப் கெட்ட மனுஷன் இல்லை. மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகத்தான் சொன்னார். லாரிக்காரனைப் பற்றித்தான் எல்லோரும் பயந்தோம், அவன் கொடுத்துவிட்டான். ஆனால் எங்கள் கடையெல்லாம் டவுனில். எங்களுக்கு வீட்டுப் பார்சல்தான். வீட்டுக்காரர் தராவிட்டால் நாங்கள் எப்படிச் சேருவது? ஷம்னா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சஜ்ஜாத் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் அந்த இடத்தில் நான் ஒருவன்தான். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

கௌலத் இறங்கினாள். அவள் கடைக்கு வந்து எத்தனையோ காலம். டிரைவர் சாக்குச் சாக்காகப் பெட்டிகளை இறக்கினான். மேலே தனியாகத் துணி கட்டி வைத்திருந்த மூன்றை அவளே எடுத்து வந்து பிரதீப் முன்னாலும் மற்ற இருவர் முன்னாலும் வைத்தாள். திறந்ததும் தேங்காய்ச் சோற்று வாசனை. பிறகு ஷம்னாவிடம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னாள், என்னைப் பற்றியதையும் விடாமல். தொட்டியைக் காட்டி, குப்பைத் தொட்டி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு அதில் பாத்திரம் போடு என்றால் யார் போடுவார்கள் என்று கேட்டாள். ஷம்னா கேட்டுக்கொண்டே சாக்கைப் பிரித்து ஒவ்வொரு பெட்டியாகப் போனைக் காட்டினாள். சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையாயிற்று.

பிரதீப் சாப்பிட்டு முடித்தார். பெட்டியை மூடிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“அதை இங்கயே போட்டுரலாம் அங்கிள்,” என்றாள் ஷம்னா.

அவர் தொட்டியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். “இதை இப்படி எப்படி... இருக்கட்டும் மோளே, வீட்ல கொண்டுபோயி என் வீட்டுக்காரிகிட்ட குடுத்து, எதாவது வெச்சு...” என்று சொல்லிக்கொண்டு போனவர் நடுவில் நின்றுவிட்டார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பெட்டியை விடவில்லை.

அதற்கப்புறம் பேச்சு வேறு மாதிரி போயிற்று. ஷம்னா அங்கேயே மேசையில் உட்கார்ந்து படம் போட ஆரம்பித்தாள். லாரிக்குப் பெயர் இல்லாத பெட்டி, தொட்டி. வீட்டுக்குத் தொட்டி வேண்டாம். ஒவ்வொரு கடைக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறதே, பெட்டி அந்த வீட்டுக்குப் போகட்டும். வாங்கிக்கொள்கிறவர் போனைக் காட்டினால் போதும். திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது என்கிற சட்டத்தை வீடுகளுக்கு எடுத்துவிடலாம். கொஞ்சம் தாமதமாகும், ஆனால் வரும் என்றாள். வாளையாருக்கு எந்த வீடு என்று பிரதீப் கேட்டார். என் வீட்டைத் தொட்டியாக்காதே என்றேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஷம்னா மாமியாரின் போனை வாங்கி அதில் ஆப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஓணம் வரைக்கும் டவுனில் சில கடைகளில் ஓட்டிப் பார்க்கலாம் என்று பிரதீப் சொல்லிவிட்டுப் போனார். ஓணம் வரைக்கும்தான். சஜ்ஜாத்தும் டிக்கெட்டை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். பாஸ்போர்ட் சட்டைப் பையிலிருந்து கல்லாவுக்குள் போயிருக்கிறது. நான் கல்லாவைத் திறக்கும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

எல்லோரும் போன பிறகு கௌலத் ஆட்டோவில் ஏறாமல் என் பக்கம் வந்தாள். துணி கட்டிய பெட்டி இன்னொன்று அவள் கையில் இருந்தது. என் கையில் வைத்தாள்.

“நாச்சம்மாளுக்கு. நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. ஜன்னல் வழியா இல்ல.”

“படி ஏற வேண்டாம்னு சொல்லிட்டாளே.”

“பெட்டிதான் ஏறக்கூடாதுன்னா. நீங்க ஏறலாமல்ல.”

போனேன். வேறு வழி? ஆட்டோ வேண்டாம் என்று நடந்தே போனேன், போகாமல் இருக்க ஏதாவது காரணம் வழியில் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு. நாச்சம்மாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் புடைத்தாள். முறத்துச் சத்தம் முன்னைவிடப் பலமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பார்கள் என்றுகூடத் தெரியாது. படியில் நின்றபடி பெட்டியை நீட்டினேன்.

“நேத்துப் பேசினது தப்பு,” என்றேன். “பெட்டி எங்க ஊட்டுலதான் இருந்துச்சு.”

முறம் நின்றது. “எத்தன பெட்டிங்க?”

“எல்லாமும்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சிரித்து முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபம் தீர்ந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் எழுந்து வந்து பெட்டியை வாங்கினாள். திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். பெட்டியைக் கையோடு வாங்கிப் போகலாமா என்று ஒரு நினைப்பு. பழகிவிட்டது, என்ன செய்ய.

“ஏனுங்க நிக்கறீங்க? வெறும் பெட்டிக்கா?” என்றாள். “கல்லக்கா இன்னும் ஆறலைங்க. போங்க, வரும்.”

தோப்புக்குள் பாதி தூரம் வந்தபோது போன் அடித்தது. ஷம்னா. பிரதீப் எடுத்துப் போனதைத் தவிர்த்து இன்னும் ஒரு பெட்டி குறைகிறதே மாமா, டீச்சர் பேரில் நிற்கிறதே, அது எங்கே என்றாள். அவசரத்தில் கௌலத் கட்டி எடுத்தது அந்தப் பெட்டியைத்தான் போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். நாச்சம்மாள் வீட்டு ஜன்னலில் இன்னும் வைக்கவில்லை.

“சிவப்பாவே நிக்கட்டும்,” என்றேன். “வரும்போது வரும்.”